கட்டளைகள் காணாமல் போகும்போது: டெர்மினலுடன் நீண்டகால அனுபவம்

பல ஆண்டுகளாக அன்றாட வேலையை லினக்ஸ் டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) செய்து வருபவன் என்ற முறையில் சொல்வதானால், பார்த்ததும் பதற வைப்பதும் பெரும்பாலும் எளிதில் சரியாவதும் ஒரே பழுதுதான்: எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடுவது), கேட் (கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டுவது), சிபி (நகலெடுப்பது) என எந்தக் கட்டளையைத் தட்டினாலும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" (கட்டளை கிடைக்கவில்லை) என்ற பதிலே வருவது. இதைக் கண்டு இயங்குதளத்தையே மறுபடி நிறுவியவர்கள் உண்டு. அது வீண் உழைப்பு. கோப்புகள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கே தேடுவது என்பதுதான், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்னும் நிரலுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இப்படி நேரும்போது நான் முதலில் தட்டிப் பார்ப்பது சிடி (கோப்புறை மாற்றுவது), எக்கோ (தந்ததைத் திரையில் காட்டுவது) ஆகிய இரண்டையும்தான். இவை ஷெல்லுக்குள்ளேயே அமைந்தவை என்பதால் எந்தக் கோப்புறையிலும் தேடப்படுவதில்லை. இவை இயங்கி, தனிக்கோப்பாக இருக்கும் எல்எஸ் மட்டும் இயங்கவில்லை என்றால், சந்தேகம், கட்டளைகளை எங்கே தேடுவது என்று ஷெல்லுக்குச் சொல்லும் பாத் என்னும் மாறியின் மேல்தான் விழ வேண்டும். எக்கோவுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியை இட்டால் கோப்புப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். எல்எஸ் இல்லாத நேரத்தில் இது பெரிய உதவி.

பாத்தில் கோப்புறைகளின் முகவரிகள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். ஷெல் அவற்றை இடமிருந்து வலமாகத் தேடும். புதிய மென்பொருளுக்காக பேஷ் என்னும் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது, பழைய பாத்தைக் குறிக்கும் இடத்தில் டாலர் குறி விடுபட்டால் போதும், முந்தைய முகவரிகள் அனைத்தும் அழிந்து புதிய கோப்புறை மட்டுமே மிஞ்சும். அப்போது /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டையும் பாத்துக்குக் கைப்பட அளித்தால் அந்தச் சாளரம் உயிர்பெறும். பிறகு நானோ என்னும் உரைத் திருத்தியைத் திறந்து வரியைத் திருத்தலாம். திருத்தி முடித்து வேறொரு சாளரத்தில் சோதிக்கும் வரை பழைய சாளரத்தை மூடாமல் வைத்திருப்பது என் வழக்கம்.

2019இல் வெளிவந்த கேட்டலினா முதல் மேக்கில் இயல்பு ஷெல்லாக இருக்கும் இசட்ஷெல்லில் இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. அதில் சிறிய எழுத்தில் எழுதும் பாத்தும் பெரிய எழுத்தில் எழுதும் பாத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஆகவே ஒரு லூப்பில் கோப்பு முகவரியை வைத்துக்கொள்ள சிறிய எழுத்துப் பாத் என்ற பெயரையே மாறிக்குச் சூட்டினால், அடுத்த வரியிலிருந்து எல்எஸ்ஸும் உரை தேடும் கிரெப்பும் கிடைக்காது. கோப்பு எதுவும் மாறவில்லை என்பதால் புதிய சாளரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். அதனாலேயே காரணம் பிடிபடத் தாமதமாகிறது.

ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் ஷெல் குறித்துவைக்கும் வெளியேறு எண்ணையும் பார்ப்பது நல்லது. 127 என்றால் கட்டளை கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தும் இயக்க முடியவில்லை, பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். இடம் மாற்றி நிறுவிய நிரலை பேஷ் பழைய இடத்திலேயே தேடினால், ஹேஷ் கட்டளையை ஆர் விருப்பத்துடன் தட்டி அதன் நினைவை அழித்துவிடலாம்.

விண்டோஸிலும் இதே தர்க்கம்தான். ஷெல்லுக்குள்ளேயே அமைந்த டிர், காப்பி இயங்கி, தனிக்கோப்புகளான பிங், ஐபிகான்ஃபிக் இயங்காவிட்டால் பாத்தில் சிஸ்டம்32 கோப்புறை விடுபட்டிருக்கும். மாறிகளை நிரந்தரமாக மாற்றும் செட்எக்ஸ் கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும் என்பதால், பாத்தைத் திருத்த அதை நான் பரிந்துரைப்பதில்லை.

முழு முகவரியைத் தந்தும் இயங்காமல், பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நூலகத்தை ஏற்ற முடியவில்லை என்ற செய்தி வந்தால் மட்டுமே நிலைமை உண்மையில் மோசம். பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகமே சிதைந்திருக்கலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஷெல் நூலகத்தை நினைவகத்தில் வைத்திருப்பதால் தொடர்ந்து பதிலளிக்கும். அதை மூடினால் இன்னொன்றைத் திறக்க முடியாமல் போகலாம். பல அடிப்படைக் கட்டளைகளை ஒரே கோப்பில் கொண்ட பிஸிபாக்ஸின் நூலகங்களைச் சாராத வடிவம் நிறுவப்பட்டிருந்தால் அதைக் கொண்டே பழுதைச் சரிசெய்யலாம். இல்லாவிட்டால் யூஎஸ்பியிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கித்தான் உள்ளே நுழைய வேண்டும்.