காசிமேட்டு ஐஸ் கணக்கும் கிரோனி அனுப்பும் தமிழ் மின்னஞ்சலும்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஐஸ் கிடங்கின் அலுவலகக் கணினியை நான் பராமரித்து வருகிறேன். விசைப்படகுகளுக்குக் கடனாக ஏற்றிய ஐஸ் கட்டிகளின் கணக்கை ஒரு சிறு நிரல் இரவு 2 மணிக்குத் தமிழில் தொகுக்கிறது. ராக்கி லினக்ஸ் இயங்குதளத்தில், குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் நிரலான கிரோனி அதை உரிமையாளருக்கு மின்னஞ்சலாக அனுப்புகிறது. விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும் என்பதால், அவர் அதைக் கைப்பேசியில் படித்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிளம்புவார். எந்தப் படகின் பாக்கி எவ்வளவு என்பது கையில் இருந்தால்தான் மீன் விற்ற கையோடு கேட்டு வாங்க முடியும்.

கணினியை மாற்றிய பிறகு வந்த முதல் மின்னஞ்சலில் தொகைகள் எல்லாம் சரியாக இருந்தன. படகுகளின் பெயர்கள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகளே வரிசையாக நின்றன. 4,200 ரூபாய் பாக்கி என்பது தெரிந்தது, யாருடைய பாக்கி என்பது தெரியவில்லை. அன்றைய வசூல் அப்படியே நின்றுபோனது.

மின்னஞ்சலின் முழுத் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. எழுத்துகளை எந்த முறையில் எண்களாகப் பதிந்திருக்கிறது என்பதைச் சொல்லும் எழுத்துக் குறியாக்கம் என்ற இடத்தில் 'ஆன்சி எக்ஸ் 3.4-1968' என்று எழுதியிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கான, 128 குறிகள் மட்டுமே கொண்ட ஆஸ்கி குறியாக்கத்தின் பழைய பெயர் அது. கிரோனி தான் தொடங்கும் நேரத்தில் கணினியின் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) எதுவோ அதன் குறியாக்கத்தையே எல்லா மின்னஞ்சல்களுக்கும் முத்திரையாகக் குத்துகிறது. புதிய கணினியை அமைத்தவர்கள் லொகேலை ஆஸ்கியை மட்டும் அறிந்த வெறும் 'சி' என்று விட்டிருந்தார்கள். உலக மொழிகளையெல்லாம் எழுத உதவும் யூடிஎஃப்-8 குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள் தேவை. பைட்டுகள் சேதமில்லாமல்தான் போய்ச் சேர்ந்தன. உறைமேல் எழுதிய மொழிதான் தவறு.

தீர்வு, பணிகளையும் அவை ஓடும் நேரங்களையும் எழுதிவைக்கும் கோப்பான கிரான் டேபில் இரண்டு வரிகள். 'கன்டென்ட் டைப்' என்ற மாறிக்கு 'டெக்ஸ்ட் பிளெயின், சார்செட் யூடிஎஃப்-8' என்ற மதிப்பையும், 'கன்டென்ட் டிரான்ஸ்ஃபர் என்கோடிங்' என்ற மாறிக்கு '8பிட்' (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) என்ற மதிப்பையும் கொடுக்க வேண்டும். மாறிகளின் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்தில், சொற்களுக்கு இடையே அடிக்கோட்டுடன் அமைய வேண்டும். இந்த வரிகள் தமக்குக் கீழே உள்ள பணிகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால் அவற்றைக் கோப்பின் உச்சியில் வைப்பதே நல்லது. நான் ஒரு பயனரின் டேபில் மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கணினியின் தலைமைப் பயனரான ரூட்டின் டேபிலிருந்து போன காப்புப்பிரதி அறிக்கை மேலும் ஒரு வாரம் கேள்விக்குறிகளாகவே வந்தது. ஒவ்வொரு டேபிலும் தனித்தனியாக எழுதத்தான் வேண்டும்.

பலரும் முதலில் செய்வது கிரான் டேபில் மொழியைக் குறிக்கும் 'லாங்' மாறியைத் தமிழுக்கு மாற்றுவது. அது பணியாக ஓடும் நிரலைத்தான் மாற்றும். மின்னஞ்சலில் குத்தும் முத்திரையைத் தொடாது. கணினியின் லொகேலையே மாற்றினால் கிரோனியை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். டேபில் செய்யும் திருத்தத்துக்கு அந்த வேலை இல்லை, அதைக் கிரோனி தானே கவனித்து எடுத்துக்கொள்ளும்.

பால் விக்ஸி 1987இல் எழுதிய கிரானின் வழியில், 2007இல் ரெட் ஹாட் பிரித்தெடுத்து வளர்த்த நிரல் கிரோனி. நேரம் தவறாமையில் இதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குறியாக்க விஷயத்தில் இது முத்திரை குத்துமே தவிர உள்ளடக்கத்தை மாற்றித் தராது. 8பிட்டுக்குப் பதிலாக, பைட்டுகளை ஆஸ்கி எழுத்துகளாக மாற்றும் முறையான 'பேஸ்64' என்று எழுதினால் தலைப்பகுதியில் அந்தச் சொல் மட்டும் ஏறும். உடல் பகுதியை நாமே மாற்றி வைக்காவிட்டால் பெறுபவருக்குக் குப்பைதான் கிடைக்கும். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் சர்வரோ, எதிர்முனை 8 பிட்டை ஏற்காதபோது தானே 7 பிட்டுக்கு மாற்றி அனுப்பக்கூடியது என்பதால், '8பிட்' என்று உண்மையைச் சொல்லிவிடுவதே எங்களுக்கு ஏற்ற வழி.

பொருள் வரிதான் என் உண்மையான மனக்குறை. பயனர், கணினி, ஓடிய கட்டளை ஆகியவற்றையே கிரோனி அங்கே எழுதுகிறது. 'ஐஸ் பாக்கி' என்று தமிழில் வேண்டும் என உரிமையாளர் கேட்டார். கட்டளையில் தமிழைச் சேர்த்துப் பார்த்தேன், பொருள் வரிக்கு உரிய குறியாக்கம் இல்லாமல் அது சிதைந்தது. கிரோனியைத் தொடங்கும்போது 'எம்' என்ற விருப்பத்தில் வேறு அனுப்பும் கட்டளையைக் கொடுக்கலாம். அந்த இடத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்துப் பொருள் வரியைத் திருத்தி அனுப்பும் வேலையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்கும்போது அதைப் பொருத்திப் பார்ப்பதாக உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறேன்.