கச்சேரியை எதில் பார்ப்பது: தூர்தர்ஷனா, தனியார் சேனலா, யூடியூபா?

மார்கழி பிறந்துவிட்டால் வீட்டிலிருந்தே கச்சேரி கேட்பவர்களுக்குள் இந்த வாக்குவாதம் கட்டாயம் வரும். ஒருவர் தூர்தர்ஷனை விட்டுக்கொடுக்க மாட்டார், இன்னொருவர் ஜெயா டிவியில் வந்த மார்கழி மஹோத்ஸவத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார், அடுத்த தலைமுறைக்கோ டிவிப் பெட்டியே தேவையில்லை, யூடியூப் போதும். மூன்றையும் விடாமல் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இதுதான்: படம் பளிச்சென்று இருக்கிறதா, ஒலி சுத்தமா என்பதை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் உற்சாகமாகிறார்கள், எந்த இடத்தில் கோபப்படுகிறார்கள் என்று கவனித்தால் எது எதற்குச் சரிப்படும் என்பது தெரிந்துவிடும்.

முதலில் தூர்தர்ஷன். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஒளிபரப்பு தொடங்கிய நாளிலிருந்து மெட்ராஸ் தூர்தர்ஷன், பொதிகை, இப்போது 2024 முதல் டிடி தமிழ் என்று பெயர் மாறிக்கொண்டே வந்தாலும், ஜனவரி வாக்கில் வரும், தியாகராஜரின் நினைவாக நடக்கும் திருவையாறு ஆராதனை நேரலைதான் அதன் மகுடம் என்பேன். காவிரிக் கரை, தியாகராஜர் சமாதி, இருபக்கமும் எதிரெதிராக உட்கார்ந்திருக்கும் வித்வான்கள், புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து பைரவியில் ‘சேதுலாரா’ வாசித்து முடித்ததும் நாட்டையில் ‘ஜகதானந்த காரக’ எழும்பும் அந்தக் கணம். இதற்குப் பார்வையாளர்கள் காட்டும் பெரிய எதிர்வினையே கூடப் பாடுவதுதான். தியாகராஜர் ஐந்து ராகங்களில் இயற்றிய பஞ்சரத்ன கீர்த்தனைகளின் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி வரை குரல் நன்றாக இருக்கும். வராளி ராகத்தைக் குரு நேராகச் சொல்லித் தரக்கூடாது என்றொரு நம்பிக்கை இருப்பதால் அதில் அமைந்த ‘கனகன ருசிரா’ நிறையப் பேருக்குப் பாடமாகியிருக்காது, அங்கே குரல்கள் இறங்கி முணுமுணுப்பாகிவிடும், ஸ்ரீராகத்தில் ‘எந்தரோ மஹானுபாவுலு’ வந்ததும் வீடே மறுபடி எழுந்துகொள்ளும். நேரலை என்பதால் நிறுத்தி வைத்துப் பிறகு பாட முடியாது, ஊரெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வரியில் இருக்கிறோம் என்ற எண்ணம் வேறு எந்த ஒளிபரப்பிலும் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிற நாலைந்து குரல்களே மேலோங்கிக் கேட்கும், நூறு பேர் பாடும் கோஷ்டியின் கனம் டிவியில் வந்து சேராது. யார் சாகித்யத்தை மனப்பாடமாகப் பாடுகிறார், யார் செல்போனைப் பார்த்துப் பாடுகிறார் என்ற விசாரணையும் வருஷம் தவறாமல் நடக்கும். இதில் பின்னது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை, வரி தப்பாமல் பாடினால் சரி.

அடுத்தது தனியார் சேனல். சுபஸ்ரீ தணிகாசலம் தயாரித்த மார்கழி மஹோத்ஸவம் செய்த காரியம் லேசுப்பட்டதல்ல. கச்சேரிக்குக் கச்சேரி ஒரு தலைப்பு, பாட்டுக்கு முன்னால் அது யாருடையது, என்ன ராகம், ஏன் இந்த இடத்தில் என்று ஒரு சின்ன விளக்கம். சபா வாசலையே மிதிக்காதவர்கள், சினிமாப் பாட்டு மூலமாக மட்டும் ராகம் தெரிந்தவர்கள், ‘இது கல்யாணியா?’ என்று தைரியமாகக் கேட்கத் தொடங்கியதில் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தேர்ந்த ரசிகர்கள் சிலர் விளக்கம் அதிகம் என்று சலித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அது வேண்டாம்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு யார் சொல்வது?

எனக்கு உள்ள மனத்தாங்கல் வேறு. பொதுவாகவே டிவிக்காக வெட்டி ஒட்டிய கச்சேரிகளில் முதலில் கத்திரிக்கோல் படுவது தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம், கடம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதி. பாடகர் ஒரு வரியை விரித்துப் பாடும் நிரவலும் ஸ்வரமும் முடிந்து மிருதங்கக்காரர் நிமிர்ந்து உட்காருவார், உடனே விளம்பரம். திரும்பி வரும்போது பாடகர் மங்களத்துக்குப் பக்கத்தில் இருப்பார். வெட்டாமல் காட்டினாலும் கேமரா கோட்டை விடும். குறைப்பு என்று ஒரு கட்டம் வரும், மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்க வாசிக்க ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கான நீளம் சுருங்கிக்கொண்டே போகும். எட்டு, நாலு, இரண்டு என்று இறங்கும்போது, லயம் தெரியாதவர் காட்சியை மாற்றினால் கேமரா கடத்துக்கு வந்து சேர்வதற்குள் கடம் முடிந்து மிருதங்கம் ஓடிக்கொண்டிருக்கும். வயலினுக்கும் இதே கதிதான், ஆலாபனையில் வயலின்காரர் உயிரைக் கொடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, திரையில் பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் முன்வரிசைப் பட்டுப்புடவைகள். ‘பக்கவாத்தியத்தைக் காட்டுங்கள்’ என்று பார்வையாளர்கள் ஓயாமல் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. மேடையில் அவர்கள் துணைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் இல்லை, கச்சேரியில் பாதி அவர்கள்.

இங்கேதான் யூடியூப் முந்துகிறது. பரிவாதினி மாதிரியான சேனல்கள் சின்ன அரங்குகளில் நடக்கும் கச்சேரிகளை, டிவியில் அபூர்வமாக மட்டுமே இடம் கிடைக்கும் நாகஸ்வரத்தையும் சேர்த்து, முழுசாக ஒளிபரப்புகின்றன. மேடையில் இருக்கிற எல்லாரும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி ஒரு கேமராவை நிறுத்திவிட்டால்கூட எனக்குப் போதும், எப்போது யாரைப் பார்ப்பது என்பதை நானே முடிவு செய்துகொள்வேன். தனி ஆவர்த்தனத்தின்போது சபாவில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவது பழைய வழக்கம், அதே தனி இணையத்தில் ஓடும்போது கமெண்டுகளில் கூட்டம் கூடுகிறது. முடிவுக் கணக்கான கோர்வையை எங்கே எடுத்தார், எந்த நடைக்கு மாறினார், தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுந்தது எப்படி என்று பேசுகிறார்கள், இரண்டாம் தடவை கேட்டுவிட்டு வந்து தங்கள் கணக்கைத் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். அப்புறம், கச்சேரி முடிந்த சில மணி நேரத்துக்குள் யாராவது ஒரு புண்ணியவான் உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர் எல்லாவற்றையும் நிமிஷக் கணக்கோடு வரிசையாக எழுதிப் போட்டுவிடுகிறார். தோடியை மட்டும் கேட்க வேண்டுமானால் நேரே அங்கே போகலாம். யாரும் கேட்காமல், காசு வாங்காமல் செய்யும் இந்த வேலைக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி முடியாது.

ஆனால் யூடியூப் நேரலையில் ஒன்று நடக்காது. சபாவில் கச்சேரியின் கடைசியில் சின்னச் சின்னப் பாட்டுகள் பாடும் துக்கடா நேரத்தில் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினால் சில சமயம் பாட்டு கிடைக்கும். கமெண்டில் ‘இன்று பெஹாக் ராகம் உண்டா’ என்று கேட்பவரின் குரல் மேடைக்குப் போவதில்லை, அவர் போடும் சபாஷும் கச்சேரி அந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான் விழும். 2020 மார்கழியில் கொரோனாவால் சபாக்கள் இணையத்துக்குப் போனபோது இது ரொம்பவே உறைத்தது. ஒரு ராகத்தை நீளமாக விரிக்கும் பெரிய ராகம் தானம் பல்லவி முடியும், அரங்கில் ஒரு கைதட்டல் இருக்காது, பாடகர் ஒரு கணம் வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார். இங்கே நாங்கள் கைதட்டல் படங்களாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருப்போம். அதே நேரத்தில், விமானம் ஏறி வந்தால்தான் சென்னைக் கச்சேரி என்றிருந்த டொராண்டோ தமிழர்களுக்கு, இங்கே மாலை ஆறு மணி நேரலை அங்கே காலை ஏழரைக்குக் காபியோடு கிடைத்ததே, அந்தச் சந்தோஷத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆக, என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சரத்னத்துக்கு தூர்தர்ஷன், அதுவும் நேரலையில் மட்டும், பதிவாகப் பார்த்தால் பாதி சுவை போய்விடும். வீட்டில் கர்நாடக சங்கீதம் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் இருந்தால் விளக்கத்தோடு வரும் தனியார் சேனல் நிகழ்ச்சியிலிருந்து ஆரம்பியுங்கள், மூன்று மணி நேரக் கச்சேரியை எடுத்தவுடனே தலையில் கட்டாதீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும், குறிப்பாகத் தனி கேட்க விரும்புகிறவர்களுக்கு, வெட்டாத யூடியூப் கச்சேரிதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: டிவி ஸ்பீக்கரிலும் போன் ஸ்பீக்கரிலும் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கனத்த நாதம் கேட்கவே கேட்காது, வலப்பக்கமான வலந்தலையின் சத்தம் மட்டும் டக் டக்கென்று வரும். நல்ல ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.