கையோட்டமா, ஆட்டோபைலட்டா: டர்போப்ராப்பும் ஜெட்டும்

டர்போப்ராப்பை, அதாவது டர்பைன் என்ஜினால் ப்ரொப்பெல்லரைச் சுழற்றிப் பறக்கும் விமானத்தை, கையால் ஓட்டுபவரே உண்மையான விமானி, ஜெட்டில் இருப்பவர் பொத்தான் அழுத்துபவர் என்ற பேச்சு விமானிகளிடையே அடிக்கடி அடிபடுவதுண்டு. அதில் பாதிதான் நியாயம். 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையில், ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்லும் விமானங்களுக்கு நடுவே 1,000 அடி இடைவெளியே விடப்படுவதால், உயரத்தைத் தானே காக்கும் கருவி அங்கே கட்டாயம். மெல்லிய காற்றில் சிறு அசைவும் எளிதில் அடங்காது என்பதால், அந்த உயரத்தில் விமானத்தைத் தானே ஓட்டும் கருவியான ஆட்டோபைலட்டை நம்புவது சோம்பல் ஆகாது.

டர்போப்ராப்பின் கதை வேறு. விசையைக் கூட்டியதும் விமானத்தின் மூக்கு இடப்புறம் விலகும். வலக்காலால் சுக்கானை மிதித்து அதை நேராக்க வேண்டும். வேகம் மாறும்போதெல்லாம், கட்டுப்பாடுகளைத் தொடர்ந்து அழுத்திப் பிடிக்காமலே விமானத்தைச் சமநிலையில் வைக்கும் டிரிம்மையும் திருத்த வேண்டும். பனி உறையும் மேகங்களின் உயரத்திலேயே பெரும்பாலும் பறப்பதால், கையின் உணர்வுக்கு அங்கே தனி மதிப்புண்டு. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே விழுந்து 68 பேரைப் பலிகொண்ட ஏடிஆர் 72 விமானத்தில், இறக்கையில் பனி சேர்ந்துகொண்டிருந்தபோது ஆட்டோபைலட்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. அது விடுபட்ட கணமே விமானம் பக்கவாட்டில் புரண்டது.

ஆனாலும் என் பார்வையில், வேகத்தை யார் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பதே முதன்மையான வேறுபாடு. ஏடிஆர் 72, க்யூ400 போன்ற டர்போப்ராப்களில் ஆட்டோபைலட் உண்டு, என்ஜின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ராட்டில் கிடையாது. அதாவது உயரத்தைக் கருவி காக்கும், விசையை விமானியே தர வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ அருகே 50 உயிர்களைப் பறித்த க்யூ400 விபத்தில், விசை குறைக்கப்பட்ட நிலையில் ஆட்டோபைலட் உயரம் குறையாமலிருக்க மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. வேகம் சரிந்ததை இரு விமானிகளும் கவனிக்கவில்லை. வேகம் போதாது என்ற எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்தி வேகம் பெற அதை முன்னே தள்ளாமல் கேப்டன் பின்னுக்கு இழுத்தார்.

ஜெட்டில் இதே ஓட்டை எதிர்ப்பக்கமாக இருக்கிறது. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்த போயிங் 777-இல் ஆட்டோபைலட் அணைக்கப்பட்டுத் தண்டு விமானியின் கையில் இருந்தது. ஆட்டோ த்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அவர் நம்ப, அதுவோ செயல்படாத நிலைக்குப் போயிருந்தது. 137 நாட் (மணிக்குக் கடல் மைல்) இருக்க வேண்டிய வேகம் 103 நாட் வரை இறங்கியது, மூவர் உயிரிழந்தனர். டர்போப்ராப்பில் விசையைத் தள்ளியதும் ப்ரொப்பெல்லரின் காற்று இறக்கைமேல் பாய்ந்து உடனே தூக்கும். ஜெட் என்ஜினோ முழு விசைக்கு எழச் சில விநாடிகள் எடுக்கும் என்பதால், தாமதமாக உணர்ந்த பிழையைத் திருத்த அங்கே அவகாசம் குறைவு.

அதே ஆண்டு ஜனவரியில், வழக்கமான பறப்புகளில் கையால் ஓட்டுவதை ஊக்குவிக்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருந்தது. தெளிந்த வானிலையில் ஜெட் விமானி அப்படிப் பயிலும்போது, நிறுவன விதி இடந்தந்தால், ஆட்டோபைலட்டோடு ஆட்டோ த்ராட்டிலையும் அணைத்துவிட வேண்டும். தண்டை மட்டும் கையிலெடுப்பவருக்கு டர்போப்ராப் விமானியின் பழக்கத்தில் பாதிகூடக் கைவராது.