செவிலியர் பாடநூல்கள் ‘முழு செட்’ பாதி விலைக்கு என்று நம்பி 17,523 ரூபாயை இழந்தேன்

மருத்துவம், செவிலியம், ஆசிரியர் பயிற்சி, சமூகப் பணி ஆகிய படிப்புகளுக்கான பாடநூல்களைப் பாதி விலைக்குத் தருவதாகச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்யும் ஒரு விற்பனைப் பக்கத்தை நம்பி, 17,523 ரூபாயை இழந்து நிற்கிறேன். நேற்று இரவு 9 மணியளவில் அவர்கள் என் வாட்ஸ்அப் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். அதுவரை, நாளைக்குச் சரியாகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புகார் பதிவாகியிருக்கிறது, தவிர பெயரை ஒரு மணி நேரத்தில் மாற்றிக்கொள்ளக்கூடியவர்கள் இவர்கள். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். இப்படிப்பட்ட நூல்களை வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் 14 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் தங்கை மகள் இந்த ஆண்டு திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவள்தான். கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தங்கை தையல் வேலை பார்த்துக் கட்டுகிறாள். ஆகவே நூல்களையாவது நான் வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மாதச் சீட்டு எடுத்த பணம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

நான் படித்த காலத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் நின்று, ஒவ்வொரு நூலாகப் புரட்டிப் பார்த்து, விலை பேசி வாங்கியவள் நான். இப்போது நிலைமை வேறு. இந்தியச் செவிலியர் கவுன்சில் 2021-இல் அறிவித்த புதிய பாடத்திட்டத்தில் ஆண்டுத் தேர்வு போய், 4 ஆண்டுகளுக்கு 8 பருவங்கள் என்ற முறை வந்துவிட்டது. முதல் பருவத்திலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், செவிலிய அடிப்படைகள் என்று வரிசையாக நிற்கின்றன. அடுத்தடுத்த பருவங்களில் வரும் மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தைகள் நலம், சமுதாய நலம் ஆகியவற்றுக்கான நூல்களெல்லாம் தடித்தவை, வண்ணப் படங்கள் நிறைந்தவை. வெளிநாட்டுப் பதிப்பாளர்களுடையது என்றால் ஒரு நூலின் விலையே ஆயிரங்களில் போய்விடும். மாதச் சம்பளக்காரி ஒருத்தி பாதி விலை என்ற எழுத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவது இதனால்தான்.

விளம்பரத்தில் ‘நான்கு ஆண்டுக்கும் முழு செட், புதிய பாடத்திட்டம், 15 நூல்கள், அட்டை விலை 29,700, உங்களுக்கு 14,850 மட்டும்’ என்று இருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். ஆனால் எந்தப் பதிவின் கீழேயும் கருத்து எழுத முடியாதபடி பூட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தேன், பார்த்தும் கடந்து போனேன்.

வாட்ஸ்அப்பில் விசாரித்ததும் ஐந்தே நிமிடத்தில் ஒருவர் அழைத்தார். முதலில் ‘மேடம்’ என்றுதான் பேசினார். நான் செவிலியர் என்று தெரிந்த பிறகு அது ‘அக்கா’ ஆனது. “என் தங்கச்சியும் உங்களை மாதிரி ஸ்டாஃப் நர்ஸ்தான் அக்கா. நைட் டியூட்டி கஷ்டமெல்லாம் எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுப் பொண்ணுக்குப் போய் ஏமாத்துவேனா?” என்றார். முதல் பருவத்துக்கு எந்தெந்த நூல், இரண்டாம் பருவத்துக்கு ஊட்டச்சத்தும் உயிர்வேதியியலும் வரும் என்பதையெல்லாம் தடங்கலில்லாமல் சொன்னார். நூல்களை நேரில் பார்க்க வழியில்லையே என்று நான் தயங்கியபோது, பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் ஒரு காணொளி அனுப்பினார்.

அந்தக் காணொளிதான் என்னை வீழ்த்தியது. ஒரு மேசையின் மேல் 15 நூல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. முதுகட்டைகள் பளபளத்தன. உச்சியிலிருந்த நூலின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் எங்கள் பெண்ணின் பெயர் நீல மையில், முதலெழுத்தோடு, பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது. பின்னணியில் ஒரு குரல், “அக்கா, உங்க செட் ரெடி” என்றது. அதைத் தங்கைக்கு அனுப்பினேன். மகளின் பெயர் அத்தனை நூல்களுக்கு மேல் இருப்பதைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

பணம் அனுப்ப க்யூஆர் குறியீடு ஒன்று வந்தது. ஸ்கேன் செய்தபோது திரையில் வந்தது கடையின் பெயரன்று, வேறு யாரோ ஒரு தனிநபரின் பெயர். கேட்டேன். “அது எங்க அக்கவுண்டன்ட் பேருக்கா” என்றார். பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தருகிறேன் என்றதற்கு, செட் ஆர்டருக்கு அந்த வசதி கிடையாது என்றார். 14,850 ரூபாயை அனுப்பினேன்.

ஐந்து நாளில் வர வேண்டிய பார்சல் பன்னிரண்டாம் நாள் வந்தது. கையில் வாங்கியபோதே எடை குறைவு என்று தெரிந்தது. உள்ளே இருந்தவை 4 நூல்கள். நான்கும் திருட்டு நகல்கள்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் பணம் போனதைவிடப் பெரிய கொடுமை. உடற்கூறியல் நூலில் தமனியைச் சிவப்பிலும் சிரையை நீலத்திலும் காட்டுவது மரபு. முதலாண்டு மாணவி அந்த நிறங்களைப் பிடித்துக்கொண்டுதான் உடலுக்குள் வழி தேடுகிறாள். இந்த நகலில் இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தாள் எவ்வளவு மெல்லியது என்றால், பின்பக்கத்து எலும்புப் படம் முன்பக்கத்து எழுத்துகளுக்கு ஊடே தெரிகிறது. செவிலிய அடிப்படைகள் நூலில் மருந்து கொடுத்தல் பற்றிய பகுதியைத் திறந்தேன். அளவு கணக்கிடும் பயிற்சிகள் உள்ள பக்கம். ஒரு கணக்கின் விடை எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். பிறகு கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: 2.5 மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி அச்சாகவே இல்லை. 25 என்று நிற்கிறது. பத்து மடங்கு!

செவிலியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அரை மில்லிகிராமை எழுதும்போது .5 என்று எழுதாதே, முன்னால் சுழியம் போட்டு 0.5 என்று எழுது. ஐந்தை எழுதும்போது 5.0 என்று எழுதாதே, வெறும் 5 என்று எழுது. ஒரு புள்ளி கண்ணில் படாமல் போனால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பார் என்று எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டிய நூலிலேயே புள்ளியைத் தின்றுவிட்டு, அதைப் பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் கொடுக்க இவர்களுக்கு எப்படி மனம் வந்தது? நான்கில் இரண்டு நூல்களின் பின்னட்டையில் ஒரே ஐ.எஸ்.பி.என். எண் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண் உண்டு. உளவியலுக்கும் உடற்கூறியலுக்கும் ஒரே எண் எப்படி வரும்? அட்டையைக் கூட அக்கறையாகத் திருடவில்லை.

உடனே அழைத்தேன். அன்றிலிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், “பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களாக்கா? அன்பாக்ஸிங் வீடியோ இல்லாம கம்ப்ளெயின்ட் எடுக்க மாட்டாங்க” என்றார். அப்படியொரு நிபந்தனையைப் பணம் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், தவறான கட்டு வந்துவிட்டது, நல்ல செட் கிளம்பிவிட்டது என்றார். அனுப்பிய டிராக்கிங் எண்ணைப் போட்டால் அப்படியொரு பார்சலே இல்லை என்று வந்தது. கூரியர்காரர்கள் வேலைநிறுத்தம் என்றார். பிறகு, “நான் வெறும் ஆர்டர் எடுக்கிறவன்தான்” என்று சொல்லி வேறு ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். அந்த மனிதர் என்னை அக்கா என்றுகூட அழைக்கவில்லை.

இரண்டாவது மனிதர் சொன்னது இது: மீதி 11 நூல்கள் கிடங்கில் இருக்கின்றன, ஆனால் ஜிஎஸ்டி கட்டாததால் வெளியே எடுக்க முடியவில்லை, 18 சதவீதம், அதாவது 2,673 ரூபாய் கட்டினால் அன்றைக்கே அனுப்பிவிடுவோம், பணம் திரும்ப வேண்டுமென்றாலும் இந்த வரியைக் கட்டி பில் போட்ட பிறகுதான் கணக்குப் பிரிவு அனுமதிக்கும். 14,850 மாட்டிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றத்தில் அந்த 2,673 ரூபாயையும் அனுப்பினேன். இரண்டும் சேர்த்து 17,523 ரூபாய்.

மூன்று நாள் கழித்து வேறு எதையோ தேடியபோது, முன்பு இங்கே ஒரு கடையில் வாங்கிய நூலின் பில் கிடைத்தது. அதில் வரிக் கட்டத்தில் சுழியம் என்று இருந்தது. அச்சிட்ட நூல்களுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. விலக்களிக்கப்பட்ட பொருள் அது. இல்லாத வரியைச் சதவீதக் கணக்கோடு, கடைசி மூன்று ரூபாய் வரை துல்லியமாகச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

அதைக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். “பணம் எங்கே போயிடப் போவுது, பொறுமையா இருங்க” என்று ஒரே ஒரு பதில். அதற்கும் இரண்டு நாள் கழித்து, காவல்துறைக்குப் போவேன் என்று எழுதினேன். நேற்று இரவு பிளாக் செய்துவிட்டார்கள்.

இன்று காலை இரவுப் பணி முடிந்த கையோடு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்து, பணப் பரிமாற்றங்களின் 12 இலக்க எண்களைக் கொடுத்துப் புகாரைப் பதிவு செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால், பணம் போன உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க முயன்றிருக்கலாம், முதல் தொகை போய் ஒரு மாதம் ஆகப் போகிறதே என்றார். வங்கியில், நீங்களே பின் எண்ணைப் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். அவர்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். கேட்டுக்கொண்டு நின்ற எனக்குத்தான் தெரியும் அந்த வலி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். எதிர்த்தரப்பின் முகவரிதான் இல்லை. அவர்கள் பக்கத்தில் போட்டிருந்த முகவரியில் விசாரித்தால் அது ஒரு செருப்புக் கடை.

பெண்ணிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. “பெரியம்மா, புக்ஸ் எப்ப வரும்?” என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். வரும் திங்களன்று அவளுக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. விடுதியில் மூத்த மாணவி ஒருத்தியிடம் இரவு மட்டும் நூலை வாங்கிக் குறிப்பெடுக்கிறாளாம்.

விரிவாக எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன். இன்று மாலை மீண்டும் பணிக்குப் போக வேண்டும், கையும் ஓடவில்லை. ஆகவே முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கடைப் பெயர் ஒன்றும் கணக்குப் பெயர் வேறொன்றுமாக இருந்தால் பணம் அனுப்பாதீர்கள். அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி என்று யார் கேட்டாலும் அந்த நொடியே பேச்சை நிறுத்திவிடுங்கள். கருத்துகளைப் பூட்டி வைத்திருக்கும் பக்கத்தில் எதையும் வாங்காதீர்கள். முழு செட் வேண்டாம். அந்தந்தப் பருவத்துக்கு வேண்டியதை மட்டும், கல்லூரி நூலகரைக் கேட்டு, நேரில் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மருந்தளவு உள்ள பக்கத்தைத் திறந்து புள்ளிகள் தெரிகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். என்னிடம் உள்ள அந்த 4 நூல்களையும் புகாருக்குச் சான்றாகக் கட்டி வைத்திருக்கிறேன். வழக்கு முடிந்தாலும் எந்த மாணவிக்கும் கொடுக்க மாட்டேன்.

இதை எழுதத் தொடங்கும் முன் உடன் பணிபுரியும் செவிலியர் ஒருத்தியின் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். காலையில் புதிய காணொளி ஒன்று போட்டிருக்கிறார்கள். அதே மேசை, அதே 15 நூல்கள், அதே அடுக்கு. உச்சியில் இருக்கும் வெள்ளைச் சீட்டில் வேறொரு பெண்ணின் பெயர். கடந்த இரண்டு நாளில் உங்கள் வீட்டில் யாரேனும் இப்படி ஒரு காணொளியைப் பார்த்துப் பணம் அனுப்பியிருந்தால், பார்சலுக்காகக் காத்திருக்காமல் இப்போதே 1930-க்கு அழையுங்கள்.