புதியதா, ஒருவர் வாசித்ததா: பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

சாதாரண கிட்டாரில் புதியதா பழையதா என்பது பெரும்பாலும் மரத்தையும் விலையையும் பற்றிய கேள்வி. பெடல் ஸ்டீல் கிட்டாரில் அது ஓர் இயந்திரத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. நான்கு கால்களில் நிற்கும் ஒரு பலகை, அதன்மேல் பத்துத் தந்திகள், இடக்கையில் ஓர் எஃகு உருளை என்ற அளவில் இதைச் சித்திரவீணைக்குத் தூரத்து உறவு என்று சொல்லிவிடலாம். ஆனால் பாதத்தால் மிதிக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் லீவர்களும், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் சுருதியை ஏற்றவும் இறக்கவும் வேண்டியிருப்பதால், பலகைக்கு அடியில் தண்டுகளும் கிராங்குகளும் ஸ்பிரிங்குகளும் ஒரு தறியைப் போல அடர்ந்து கிடக்கின்றன. வாங்குபவர் பணம் கொடுப்பது உண்மையில் அந்த அடிப்பக்கத்துக்குத்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறையாக வாங்குபவருக்கு, மூன்று பெடல்களும் நான்கு முழங்கால் லீவர்களும் கொண்டதாக, தொழில்முறைக் கலைஞர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதாக, கட்டியவரின் பட்டறை இன்னும் இயங்கிக்கொண்டிருப்பதாக, ஏற்கெனவே ஒருவர் வாசித்துப் பராமரித்ததாக உள்ள கிட்டாரே மிக நல்ல தேர்வு. அதே தரத்தில் புதியது அதற்கு அடுத்தது. தொடக்கநிலையாளருக்கென விற்கப்படும் எளிய புதிய மாதிரி மூன்றாவது. பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த பழைய பயிற்சி மாதிரி கடைசி. தேடத் தொடங்குபவரின் கண்ணில் முதலில் படுவதும், விலை குறைவு என்பதால் ஆசையைத் தூண்டுவதும் அந்தக் கடைசி வகைதான் என்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்த வரிசைக்கான காரணம் வாத்தியத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. கிட்டார் கட்டும் கைவினைஞரான பால் பிக்ஸ்பி 1948-இல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஸ்பீடி வெஸ்டுக்காகப் பெடல்கள் வைத்த ஸ்டீல் கிட்டாரைக் கட்டினார். 1950-களின் நடுவில் இன்னொரு கலைஞரான பட் ஐசக்ஸ், ஒலிக்கும் தந்திகளின் சுருதியைப் பெடலால் வளைத்து, நாட்டுப்புறக் கன்ட்ரி இசையின் காதையே மாற்றினார். அதன்பிறகு ஒவ்வொரு கலைஞரும் தனக்குத் தேவையான மாற்றத்தைச் சேர்க்கச் சேர்க்க, இன்று நாம் பொதுவாகக் காணும் அமைப்பு படிப்படியாக உருவானது. ஆகவே பழைய கிட்டார் என்றால் பெரும்பாலும் லீவர்கள் குறைவான கிட்டார் என்று பொருள். ஃபெண்டர் நிறுவனம் 1950-களின் இறுதியில் கொண்டுவந்த 400, 1000 என்ற மாதிரிகளில் தண்டுகளுக்குப் பதிலாகக் கேபிள்கள் இழுக்கும். அவற்றின் ஒலியை நான் மிகவும் விரும்புகிறேன், ஆனால் இன்றைய பாடங்களைக் கற்க அவை ஏற்றவை அல்ல.

கன்ட்ரி இசையின் மையமான அமெரிக்க நகரம் நாஷ்வில்லின் கலைஞர்கள் கையாளும் ஈ-9 சுருதி அமைப்பில் முதல் தந்தி தொடங்கிப் பத்தாவது வரை எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி என்று வரும். பெடல்களுக்கும் ஏ, பி, சி என்றே பெயர், சுரப்பெயர்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏ பெடல் 5, 10 ஆகிய தந்திகளின் பி-யை சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6 ஆகியவற்றின் ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றும். சி பெடல் நான்காவது தந்தியை எஃப் ஷார்ப்புக்கும் ஐந்தாவதை சி ஷார்ப்புக்கும் கொண்டுபோகும். முழங்கால் லீவர்களில் ஒன்று 4, 8 ஆகிய தந்திகளின் ஈ-யை எஃப்-க்கு ஏற்ற, இன்னொன்று அவற்றையே டி ஷார்ப்புக்கு இறக்கும். இந்த இரண்டு லீவர்களும் இல்லாவிட்டால் ஒரு சுரக்கோவையிலிருந்து (கார்ட்) இன்னொன்றுக்கு உருளையை நகர்த்தாமலேயே வழுக்கிச் செல்லும் பாதைகளில் பாதி அடைபட்டுப் போகும். மற்ற இரு லீவர்கள் கலைஞருக்குக் கலைஞர் சற்று மாறுபடும் என்றாலும், இரண்டாவது தந்தியையும் ஒன்பதாவது தந்தியையும் இறக்கும் லீவர் ஒன்று அநேகமாக எல்லோரிடமும் இருக்கும்.

பழைய பயிற்சி மாதிரிகள் இங்கேதான் தோற்கின்றன. எடுத்துக்காட்டாக, ஷோ-பட் நிறுவனத்தின் மாவெரிக் மூன்று பெடல்களோடும் பெரும்பாலும் ஒரே ஒரு லீவரோடும் வந்தது. ஒலி மோசமில்லை. ஆனால் கற்பவர் சில மாதங்களிலேயே பாடப்புத்தகம் கேட்கும் லீவர் தன் கிட்டாரில் இல்லை என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். நான் முதலில் வாங்கியதும் இத்தகைய ஒன்றுதான். லீவரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விற்றவர் உறுதியளித்தார். அடிப்பக்கத்தைத் திறந்து பார்த்த பழுதுபார்ப்பவரோ, சேஞ்சர் எனப்படும், தந்திகளின் சுருதியை மாற்றும் விரல்கள் அமைந்த பகுதியில், இறக்குவதற்கான வழியே அந்த லீவர் இறக்க வேண்டிய தந்திகளுக்கு இல்லை என்று காட்டினார். ஒரு கிட்டாருக்குப் பணம் கொடுத்ததோடு நில்லாமல், அதன் குறையை மறக்கப் பழகுவதற்கும் ஓராண்டைக் கொடுத்தேன். பிறகு லீவர்கள் முழுமையாக உள்ள கிட்டாரில் உட்கார்ந்தபோது, கால் தவறாகப் பழகியிருந்ததால் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வர வேண்டியிருந்தது.

புதிதாக விற்கப்படும் தொடக்கநிலை மாதிரிகளை இதே தட்டில் வைப்பது அநியாயம். ஸ்டேஜ் ஒன் போன்றவை மூன்று பெடல்கள், நான்கு லீவர்கள் என்ற முழு அமைப்போடே வருகின்றன. சுருதி மாற்றங்களின் அமைப்பைப் பெரிதாக மாற்றிக்கொள்ள இடமில்லை என்பதுதான் அவற்றின் எல்லை, கற்கும் காலத்தில் அது ஒரு குறையாகவே தெரியாது. எனவே புதிய எளிய மாதிரி என்று கேட்டதும் ஒதுக்கிவிடாமல், லீவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நான்குக்குக் குறைந்தால் வேண்டாம்.

தொழில்முறைத் தரத்தில் புதியதை வாங்குவதன் உண்மையான நன்மை பளபளப்பில் இல்லை, அளவெடுத்துத் தைப்பதில் இருக்கிறது. முல்லன், எம்.எஸ்.ஏ. போன்ற பட்டறைகளில் ஆர்டர் கொடுப்பவர் எந்தத் தந்தி எந்த லீவரால் எவ்வளவு நகர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். நெடிய உடல்வாகு உள்ளவர் முழங்கால் இடிக்காதபடி உயரத்தைக் கூட்டச் சொல்லலாம். நாள் முழுதும் உட்கார்ந்து பயிற்சி செய்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. முழங்கால் லீவர் இரண்டு விரற்கடை தள்ளி இருந்தாலே இடுப்பு வலிக்கத் தொடங்கும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வசதி பயன்படும். ஒரு கிட்டாரையும் வாசித்துப் பாராதவர் எந்த லீவர் எங்கே வேண்டும் என்று எப்படிச் சொல்வார்? இவை சிறிய பட்டறைகளில் கையால் கட்டப்படுவதால், ஆர்டர் கொடுத்துப் பல மாதங்கள் காத்திருப்பதும் வழக்கம். கற்கும் ஆர்வம் கொதித்துக்கொண்டிருக்கும் காலத்தை அப்படிக் கழிப்பது எனக்கு உகந்ததாகப் படவில்லை. புதியதை வாங்கி விரைவில் கைவிடுபவர் மறுவிற்பனையில் இழப்பதும் அதிகம். நல்ல பெயருள்ள பழையதை நியாயமான விலைக்கு வாங்கியவர், வாசித்துவிட்டு ஏறக்குறைய அதே விலைக்கு விற்றுவிட முடிகிறது.

இவ்வளவும் பழையது ஆரோக்கியமாக இருந்தால்தான் பொருந்தும். அதைச் சோதிக்க மின்னணுச் சுருதிமானி ஒன்றும், குனிந்து பார்க்கும் பொறுமையும் போதும். முதலில் நான்காவது, எட்டாவது தந்திகளைச் சுருதி சேர்க்க வேண்டும். அவை ஒரு லீவரால் ஏறவும் மற்றொன்றால் இறங்கவும் செய்வதால் இயந்திரத்தின் நேர்மை அங்கேதான் வெளிப்படும். ஏற்றிவிட்டு விடும்போது ஓரிடத்திலும், இறக்கிவிட்டு விடும்போது வேறோரிடத்திலும் தந்தி வந்து நின்றால், சேஞ்சரில் பிசுக்கு ஏறியிருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கின் இழுவை சரியில்லாமல் இருக்கலாம், அல்லது இணைப்புகள் தேய்ந்திருக்கலாம். பிசுக்கு என்றால் பயமில்லை. சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெயைத் துளித்துளியாக விட்டால் பல கிட்டார்கள் உயிர்பெற்று எழுகின்றன. தேய்மானம் என்றால் விலையில் அதைக் கழித்துப் பேச வேண்டும்.

அடுத்த சோதனை பலகையின் வளைவைப் பற்றியது. பெடலை மிதிக்கும்போது இழுவையால் முழு உடலும் இம்மியளவு வளைந்து, மிதிபடாத தந்திகளும் சற்றே இறங்கும். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தபடி நான்காவது தந்தியை மீட்டினால் இது சுருதிமானியில் தெரிந்துவிடும். எல்லாக் கிட்டார்களிலும் ஓரளவு இருக்கும் என்பதால் பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஐந்து சென்ட்டுக்குள் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) என்றால் என் காது பொறுத்துக்கொள்கிறது. பத்தைத் தாண்டினால் சுரக்கோவை கலங்குவது கேட்கிறது. புதிதிலும் இக்குறை இருக்கலாம் என்பதால், வயதை வைத்து இதை ஊகிக்க முடியாது, மிதித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு தந்திகள் வளைந்து இறங்கும் சேஞ்சர் விரல்களின் முகட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்திருந்தால் தந்தி அடிக்கடி அறும். மூன்றாவது தந்தி வெறும் 0.011 அங்குலத் தடிமன் கொண்டது. இழுவையில் ஏற்கெனவே எல்லையில் நிற்கும் அதை பி பெடல் இன்னும் அரைச்சுரம் இழுப்பதால், நல்ல கிட்டாரிலும் அதுதான் முதலில் அறும். லீவரைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கொடுக்கிறதா, தண்டுகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, முனைத்தகட்டில் சுருதி திருத்தும் நைலான் திருகுகள் நழுவுகின்றனவா என்பதையும் பார்த்துவிட்டால் பெரும்பாலான ரகசியங்கள் வெளிவந்துவிடும். சில பழைய ஷோ-பட் கிட்டார்களில் துத்தநாகக் கலவையால் வார்த்த பாகங்கள் காலப்போக்கில் விரிசல் விடுவதுண்டு. அந்நிறுவனத்தின் உற்பத்தி 1980-களில் நின்றுவிட்டதால், மாற்றுப் பாகத்தை யாரோ ஒரு கைவினைஞர் செய்து தர வேண்டியிருக்கும். கார்ட்டர் நிறுவனமும் இப்போது இல்லை. எனினும் அதன் கிட்டார்கள் நன்றாகக் கட்டப்பட்டவை, அவற்றைத் தயங்காமல் பரிசீலிக்கலாம்.

பழையவற்றுள் தனியாகப் பேச வேண்டியது எம்மன்ஸ் நிறுவனத்தின் புஷ்-புல் கிட்டார். பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் பெயரைத் தாங்கி 1960-களில் உருவான இதன் இயந்திரம், தந்தியை ஏற்ற இழுத்தும் இறக்கத் தள்ளியும் வேலை செய்கிறது. ஓய்வுநிலையில் விரல்கள் உடற்பகுதியோடு அழுந்தி நிற்பதே அதன் ஆழ்ந்த தொனிக்குக் காரணம் என்பது வாசிப்பவர்களின் நம்பிக்கை, கேட்டவர் மறுப்பது கடினம். ஆனால் ஒரு மாற்றத்தைத் திருத்தினால் இன்னொன்று நகரும். ஏற்றுவதும் இறக்குவதும் இழுத்தே நடக்கும் இன்றைய ஆல்-புல் கிட்டாரில் ஒரு லீவரின் பணியை மாற்றத் தண்டைக் கழற்றிப் பூட்டினால் முடிந்துவிடும், இதிலோ அது தேர்ந்தவருக்குரிய வேலை. இரண்டாவது கிட்டாராக அதை வாங்குபவரைக் கண்டு நான் பொறாமைப்படுவேன், முதல் கிட்டாராக வாங்குபவரைத் தடுப்பேன்.

ஒற்றைக் கழுத்தா இரட்டைக் கழுத்தா என்பதும் இந்த ஒப்பீட்டோடு பிணைந்தது. ஈ-9 கழுத்தோடு, சி-6 என்ற வேறொரு சுருதி அமைப்பு கொண்ட கழுத்தும் சேர்ந்த இரட்டைக் கழுத்துக் கிட்டார் பெட்டியோடு சேர்த்து 30 கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும். வயது ஏறும்போது அதைத் தூக்க முடியாமல் விற்கும் கலைஞர்கள் பலர் என்பதால், நன்கு பேணப்பட்ட இரட்டைக் கழுத்து சந்தைக்கு வருகிறது. வீட்டிலேயே வைத்து வாசிப்பவருக்கு இது பெரிய வாய்ப்பு. சி-6 கழுத்தைத் தொடாவிட்டாலும் அதன்மேல் கையை ஊன்றிக்கொள்ளலாம். அடிக்கடி மேடைக்கு எடுத்துச் செல்பவர் புதிய ஒற்றைக் கழுத்தைப் பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

தொலைவிலிருந்து வாங்குவதானால் முன்பக்கப் படத்தைவிட அடிப்பக்கப் படத்தை முதலில் கேட்க வேண்டும். அத்துடன் எந்தப் பெடல் எந்தத் தந்தியை என்ன செய்கிறது என்ற அட்டவணையை எழுத்தில் பெற வேண்டும். பெடல்களை இடமிருந்து வலமாக ஏ, பி, சி என வைப்பது எம்மன்ஸ் முறை. மற்றொரு கலைஞரான ஜிம்மி டேயின் பெயரால் வழங்கும் முறையில் வரிசை சி, பி, ஏ என்று தலைகீழாக இருக்கும். இரண்டிலும் சமமாக வாசிக்கலாம், ஆனால் கற்பித்தல் பெரும்பாலும் எம்மன்ஸ் முறையிலேயே நடக்கிறது. ஆல்-புல் கிட்டாரில் வரிசையை மாற்றிப் பூட்ட முடியும் என்றாலும், அந்த வேலையை யார் செய்வது, அனுப்புவதற்கு முன்பா பின்பா என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். கூடவே வால்யூம் பெடல் வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளலாம். வந்தால் மிதிக்கும்போது கரகரவென்று ஒலிக்கக்கூடும். அது உள்ளிருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் (ஒலியளவை மாற்றும் மின்தடை) தேய்வுதான், அதை மாற்றுவது எளிது, கிட்டாரின் குறையாக அதைக் கணக்கிட வேண்டியதில்லை.