ப்ராக் கோப்புகளுக்கு எதை நம்புவது: மேன் பக்கமா, கர்னல் ஆவணமா, ஏபிஐ பதிவா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் சில ஜவுளிக் கடைகளின் பில்லிங் சர்வர்களை எங்கள் குழு பார்த்துக்கொள்கிறது. எல்லாமே லினக்ஸ். திருமங்கலம், மேலூர்ப் பக்கமிருந்து படிப்பை முடித்து வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக, /ப்ராக் (/proc) கோப்புகளைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கினோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் (பிராசஸ்கள்), மெமரி ஆகியவற்றின் நிலவரத்தை லினக்ஸின் மையமான கர்னல் காட்டும் கோப்புகள் இவை. எதை அடிப்படையாக வைத்து எழுதுவது என்பதில்தான் முதல் தகராறு. ஒரு பக்கம் மேன் பக்கம், அதாவது லினக்ஸ் கையேட்டின் ஐந்தாம் பிரிவில் வரும் 'ப்ராக்'. இன்னொரு பக்கம் கர்னல் மூலத்துடனேயே வரும் டாக்குமென்டேஷன் அடைவில் உள்ள ப்ராக் ஆவணம். மூன்றாவது, அதே அடைவுக்குள் இருக்கும் ஏபிஐ (ABI) பதிவுகள், அதாவது கர்னல் வெளி நிரல்களுக்குக் காட்டும் இடைமுகங்களின் பட்டியல். மூன்றையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் மல்லுக்கட்டினோம். என் கட்சி மேன் பக்கம்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

பிராசஸ் கோப்புகளில் இருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு 'ஸ்டாட்' கோப்பு உண்டு. ஒரே வரி, அதில் 52 புலங்கள். மேன் பக்கம் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, என்ன வகை எண், என்ன அலகு, எந்தக் கர்னலிலிருந்து வருகிறது என்று சொல்கிறது. கர்னல் ஆவணத்திலும் அட்டவணை இருக்கிறது. ஆனால் வரிசை எண் கிடையாது, விரல் விட்டு எண்ண வேண்டும். அதன் தலைப்பில் '2.6.30-ஆர்சி7 நிலவரப்படி' என்று போட்டிருக்கும். அது 2009-இல் வந்த கர்னல். பக்கத்தில் உள்ள 'ஸ்டாட்எம்' அட்டவணை அதைவிடப் பழசு, 2.6.8-ஆர்சி3.

பழசு என்பதால் மட்டும் குறை சொல்லவில்லை. 14-ஆவது புலமான 'யுடைம்' ஒரு பிராசஸ் யூசர் பக்கம் (கர்னலுக்கு வெளியே, தன் சொந்த நிரலில்) செலவிட்ட சிபியு நேரம். கர்னல் அட்டவணை அதை 'ஜிஃபிகள்' (கர்னலின் கடிகாரத் துடிப்புகள்) என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறது. படிக்கிற பையன் என்ன செய்வான்? கர்னலின் ஹெச்இஸட் (நொடிக்கு எத்தனை துடிப்பு) மதிப்பு 250 என்று எங்கோ பார்த்து, அதால் வகுப்பான். விடை தப்பு. வெளியே வரும் எண் கர்னலின் உள் ஜிஃபி அல்ல, யூசர் பக்கத்துக்கென்று மாற்றித் தரப்படும் கடிகாரத் துடிப்பு, வழக்கமாக நொடிக்கு 100. அந்த எண்ணை 'சிஸ்கான்ஃப்' என்ற செயற்கூறு மூலம் கேட்டு வாங்கி அதால் வகுக்க வேண்டும் என்று மேன் பக்கம் நேராகச் சொல்லிவிடுகிறது. கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எழுதுபவனுக்கு இந்த ஒரு வரிதான் சோறு போடும்.

இதனோடு எங்கள் குறிப்பேட்டில் கட்டம் கட்டிப் போட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. ஸ்டாட் வரியில் இரண்டாவது புலம் பிராசஸின் பெயர், அடைப்புக்குறிக்குள் வரும். பெயருக்குள் இடைவெளி இருக்கலாம். டிமக்ஸ் (டெர்மினல் அமர்வுகளை நடத்தும் கருவி) ஓடும் எந்தச் சர்வரிலும் பாருங்கள், 'டிமக்ஸ்: சர்வர்' என்று நடுவில் இடைவெளியோடு நிற்கும். இடைவெளி கண்ட இடமெல்லாம் பிரிக்கும் ஆக் (awk) கருவியில் 14-ஆவது சொல்லை எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 13-ஆவது புலம், அதாவது குழந்தை பிராசஸ்களின் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை. எண்தான் என்பதால் பிழைச் செய்தியும் வராது. கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடி, அதற்குப் பின்னாலிருந்து எண்ணுவதே வழி.

லோடு (சராசரியாக எத்தனை பிராசஸ்கள் வேலைக்கு நிற்கின்றன) கணக்கிலும் மேன் பக்கத்துக்கே என் ஓட்டு. தீபாவளி நேரத்தில் வழக்கமாக வரும் போன்: "அண்ணே, லோடு ஒன்பதத் தாண்டிருச்சு, ஆனா சிபியு சும்மாதான் கிடக்கு." லினக்ஸ் லோடு கணக்கில் ஓடக் காத்திருப்பவை மட்டுமல்ல, டிஸ்குக்காகக் காத்துக் கிடக்கும் 'டி' நிலை பிராசஸ்களும் சேரும் என்பது மேன் பக்கத்தில் இருக்கிறது. அதைப் படித்தவன் சிபியுவை விட்டுவிட்டு நேராக டிஸ்கைப் பார்ப்பான். கர்னல் ஆவணம் இங்கே எந்த எண்ணுக்குப் பின் இடைவெளி, எங்கே சாய்கோடு என்று வடிவத்தைத்தான் அழகாக விளக்குகிறது. பார்சர் (அந்த வரியைப் பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதுபவருக்கு அது போதும்.

மெமரிக்கு வந்தால் கதை மாறுகிறது. 'மெம்இன்ஃபோ'வில் உள்ள 'மெம்அவைலபிள்' வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வாப் (மெமரி பற்றாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) போகாமல் புது நிரல்களுக்கு எவ்வளவு மெமரி கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. மேன் பக்கம் '3.14 முதல்' என்று சொல்லி, ஒரு வாக்கியத்தில் நகர்ந்துவிடுகிறது. கர்னல் ஆவணமோ அந்த எண் எதிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதையும் சொல்கிறது: காலி மெமரி, திரும்ப எடுக்கக்கூடிய ஸ்லாப் (கர்னல் தன் தேவைக்கு வைத்திருக்கும் மெமரி), கோப்புக் கேஷ் (மெமரியில் வைத்திருக்கும் கோப்பு நகல்கள்) பட்டியல்களின் அளவு, ஒவ்வொரு ஸோனின் (மெமரிப் பிரிவின்) கீழ் வரம்பு. காலி மெமரியையும் கேஷையும் கூட்டிப் போட்டு "இவ்வளவு மிச்சம் இருக்கு சார்" என்று கடைக்காரரிடம் சொல்வது ஏன் சரியில்லை என்பது இதைப் படித்தால்தான் புரியும். கேஷ் முழுவதையும் விடுவிக்க முடியாது.

அந்த '3.14 முதல்' என்பதையும் வேதவாக்காக எடுக்கக் கூடாது. சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வகை இன்னும் ஓடும் பெட்டிகள் உண்டு. அதன் கர்னல் 3.10. ஆனாலும் மெம்அவைலபிள் வரி இருக்கும், ரெட்ஹேட் நிறுவனம் அந்தப் பழைய கர்னலில் பின்னோக்கிச் சேர்த்தது. மேன் பக்கம் பேசுவது மூலக் கர்னலைப் பற்றி, உங்கள் டிஸ்ட்ரோவை (நீங்கள் நிறுவிய லினக்ஸ் தொகுப்பை)ப் பற்றி அல்ல. எனவே ஸ்கிரிப்டில் கர்னல் பதிப்பைச் சோதிக்காமல், வரி இருக்கிறதா என்று சோதியுங்கள்.

ஏபிஐ பதிவுகள் வேறு ஜாதி. தாலுகா ஆபீஸ் பதிவேடு மாதிரி: என்ன கோப்பு, எந்த மாதம் வந்தது, எந்தக் கர்னல், யாரைக் கேட்க வேண்டும், விளக்கம். நிலையானவை, சோதனையில் உள்ளவை, வழக்கொழிபவை, நீக்கப்பட்டவை என நான்கு அடைவுகள். இது முக்கியமாக /சிஸ் (/sys; சாதனங்களின் விவரங்களைக் கர்னல் காட்டும் இடம்) கோப்புகளுக்கானது. அங்கே ஒரு கோப்பில் ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே இந்த வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ப்ராக்கில் ஒரே கோப்புக்குள் ஐம்பது சமாச்சாரம் கிடப்பதால் பொருந்துவதில்லை. ஆனாலும் டிஸ்க்ஸ்டாட்ஸ், ஸ்மாப்ஸ்_ரோல்அப் போன்ற சில ப்ராக் கோப்புகளுக்கும் இங்கே பதிவு உண்டு. படிக்கச் சுவையே இல்லை, தேடிக் கண்டுபிடிக்க மட்டும் அருமை.

ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே ப்ராக்கைப் பெரிதாக நம்புவதில்லை, சிஸ்கன்ட்ரோல் (sysctl) கட்டளை காட்டும் மதிப்புகளோடு கர்னலுக்குள்ளேயே ஒரு வரி விளக்கம் இருக்கும், கட்டளையோடு '-டி' போட்டால் வந்துவிடும். ஆவணம் தனியாக, கோப்பு தனியாக என்ற பிரச்சினை பாதி தீர்ந்தது. ஆனால் ஒரு வரியில் மெம்அவைலபிளை விளக்க முடியுமா என்ன?

எங்கள் குறிப்பேடு இப்போது இப்படி நிற்கிறது: எலும்புக்கூடு மேன் பக்கத்துடையது, ஒவ்வொரு புலத்துக்கும் எண், அலகு, 'எப்போதிலிருந்து'. மெமரி அத்தியாயம் மட்டும் கர்னல் ஆவணத்தை ஒட்டி. /சிஸ் பகுதிக்கு ஏபிஐ வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். சந்தேகம் வந்தால் கர்னல் மூலத்தில் எஃப்எஸ் அடைவுக்குள் உள்ள ப்ராக் நிரல்களைத் திறந்து பார்ப்பது, அங்கே அச்சிடும் வரிசைதான் கடைசித் தீர்ப்பு. கர்னலுக்கு முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்ப ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது அந்த 2.6.30 அட்டவணையைத்தான். 'ஜிஃபிகள்' என்ற சொல் இருக்கும் வரியில் ஆரம்பிக்கலாம்.