கால் தேறிவரும்போது பாடிபோர்டு: எது ஒத்துவரும், எது ஒத்துவராது

பாடிபோர்டு என்பது நெஞ்சை வைத்துப் படுத்தபடி அலையில் சறுக்கும் குட்டையான நுரைப் பலகை. படுத்துக்கொண்டுதானே போகிறோம், காலுக்கு என்ன வேலை என்று கேட்டுத்தான் அடிபட்ட பிறகு பலரும் பாடிபோர்டு பக்கம் வருகிறார்கள். அலையில் ஏறிவிட்டால் அது சரிதான். ஆனால் அலையைப் பிடிக்கும்வரை இன்ஜின் கால்தான். ஃபின் (பாதத்தில் மாட்டும் ரப்பர் துடுப்பு) மாட்டினால் உதைக்க வேண்டும். மாட்டாவிட்டால் இடுப்பளவு தண்ணீரில் நின்று தரையை உந்திப் பாய வேண்டும். ஆகவே எந்தப் போர்டு என்பதற்கு முன்னால், உங்கள் கால் எந்த அசைவைத் தாங்குகிறது என்று பாருங்கள்.

கணுக்கால் சுளுக்கில் இருந்து தேறுகிறவருக்கு ஃபின் தொல்லை தரும். பாதத்தை நீட்டிவைத்து உதைக்கும்போது தகட்டின் முழு எதிர்ப்பும் கணுக்காலில்தான் வந்து விழுகிறது. முழங்கால் தசைநார் அடிபட்டவருக்கு நேராக மேலும் கீழும் மெதுவாக உதைப்பது அவ்வளவு சிரமம் தராது. தவளை மாதிரி விரித்து உதைப்பது மூட்டின் உட்பக்கத்தை இழுக்கும். பாதம் மணலில் புதைந்திருக்க, அலை வந்து உடம்பைத் திருப்புவது அதைவிட மோசம். ஏ.சி.எல். (முழங்காலின் முன் சிலுவைத் தசைநார்) அறுவை செய்தவர்கள் 9 மாதமாவது ஆகாமல் இறங்கவே வேண்டாம். கட்டு, ஆறாத தையல், தோலுக்கு வெளியே தெரியும் கம்பி இருந்தால் கடல் தண்ணீரே கூடாது. அடிபட்ட ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்க முடிகிறதா? காய்ந்த மணலில் நொண்டாமல் நடக்க முடிகிறதா? இரண்டில் ஒன்று முடியாவிட்டாலும் போர்டு வாங்கும் காசு பிசியோதெரபிக்குப் போகட்டும்.

இனி போர்டின் உள்ளே இருக்கும் நுரை. கடற்கரைக் கடைகளில் தொங்குகிறவை பெரும்பாலும் தெர்மாகோல். மிதக்கும், விலை குறைவு. ஆனால் நல்ல அலை ஒன்று மடக்கினால் நடுவில் முறியும், விரிசல் வழியே தண்ணீர் குடித்துக் கனக்கும். முறிந்த போர்டு உங்களை நடு அலையில் இறக்கிவிடும். அப்போது ஊன்றுவது அடிபட்ட காலாகவும் இருக்கலாம். மற்ற இரண்டு நுரைகள் பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும். பாலிஎத்திலீன் வளைந்து கொடுக்கும், குளிர்ந்த கடலுக்கு ஏற்றது. கொல்லங்கோடு, பூவாறு, கோவளம், வர்க்கலை என்று நம் கரை நெடுக ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் 27 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் பாலிஎத்திலீன் இளகி, வேகம் செத்துப்போகும். வேகம் குறைந்தால் கூடுதலாக உதைக்க வேண்டும். பாலிப்ரொப்பிலீன் எடை குறைவு, வெந்நீர்க் கடலிலும் விறைப்பாக நிற்கும், ஒரே உந்தலில் அதிக தூரம் போகும். இங்கே எங்கள் தேர்வு அதுதான், நீளவாக்கில் விறைப்புக்காக உள்ளே வைக்கும் ஒரு ஸ்ட்ரிங்கர் குச்சியோடு. கொந்தளிப்பில் கொஞ்சம் குலுக்கும். முதுகும் பழுதுபட்டவர்கள் மட்டும் பாலிஎத்திலீனை யோசிக்கலாம்.

அளவு: நிமிர்த்தி வைத்தால் தொப்புள் வரை வருவது சரியானது. ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் அடி உயரமுள்ளவருக்கு 41, 42 அங்குலம் வரும். காயம்பட்டவர் ஒரு அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். இடுப்பு மேலே ஏறி, கால் தண்ணீரில் இழுபடுவது குறையும். அதற்கு மேல் கூட்டினால் போர்டின் வால் தொடையை முட்டி உதையைத் தடுக்கும். வால் விஷயத்தில் பிறைவடிவம் போதும். அலைச்சரிவைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். வௌவால் வால் சட்டென்று திரும்பும், அந்தத் திருப்பத்தை இப்போது உங்கள் இடுப்பும் முழங்காலும் கேட்கவில்லை.

ஃபினா, வெறும் காலா என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. முதலில் ஃபின் இல்லாமல், உடைந்து வரும் நுரையலையில், இடுப்பளவு ஆழத்தில். நல்ல காலை மட்டும் ஊன்றி உந்துங்கள். இது ஒத்துவந்த பிறகு குட்டையான, மெத்தென்ற ரப்பர் ஃபின், உள்ளே சாக்ஸ் போட்டு. விறைப்பான நீள ஃபின் வேகம் தரும், கணுக்காலைத் தின்னும். நல்ல காலில் மட்டும் ஒற்றை ஃபின் மாட்டும் வழக்கமும் உண்டு. போர்டு ஒரு பக்கமாகக் கோணும், சரிக்கட்ட இடுப்பு முறுகும். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தண்ணீரில் நின்றபடி ஃபின் மாட்டாதீர்கள். நல்ல காலுக்கு மாட்டும்போது உடம்பு முழுக்க அடிபட்ட காலில் நிற்கும், அந்த நேரம் பார்த்து அலை வரும். ஈர மணலில் உட்கார்ந்து மாட்டி, யாரையாவது பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து இறங்குங்கள்.

பாடிபோர்டுக்கு உண்மையான போட்டி 8 அடி சாஃப்ட்டாப் (மேல்பரப்பு மெத்தென்ற நுரையால் ஆன) சர்ஃப்போர்டு. அதில் எழுந்து நிற்காமல் படுத்தே போகலாம். கைதான் துழாவும், கால் போர்டு மேலேயே ஓய்வெடுக்கும். தோள் நன்றாக இருந்து முழங்கால் மட்டும் பழுது என்றால், துழாவும் பங்கில் இதுவே மேல். ஆனால் லீஷ் (போர்டை உடம்போடு பிணைக்கும் கயிறு) கணுக்காலில் கட்டுவது. அலை போர்டை இழுக்கும்போது கால் சேர்ந்து இழுபடும். நல்ல காலில் கட்டியே ஆக வேண்டும். பாடிபோர்டு லீஷ் புஜத்தில் கட்டுவதால் அந்தத் தொல்லை இல்லை. கனமும் பார்க்க வேண்டும்: நீளப் போர்டைக் காற்றில் சுமந்து மணலில் நடப்பதே தேறிவரும் காலுக்குப் பெரிய வேலை. சுமக்க ஆள் இருந்தால் சாஃப்ட்டாப், தனியாகப் போகிறவருக்குப் பாடிபோர்டு.

இடம் போர்டைவிட முக்கியம். குமரி மேற்குக் கரையில் கல்சுவரும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) உள்ள இடங்களில் இறங்கவே கூடாது. ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் இழுப்பு அதிகம். வர்க்கலை வடக்குப் பாறைமேட்டில் படி இறங்க வேண்டும், பாபநாசத்துக்குச் சாலை வழியே போகலாம். கோவளத்திலும் சாலை பக்கத்திலேயே, உயிர்காப்பாளர்களும் உண்டு. ஆனால் நீரோட்டம் உள்ளே இழுக்கும், கொடி பார்த்து இறங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் (தொலைதூரக் கடலில் கிளம்பித் திடீரென வரும் பேரலை) ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் எச்சரிக்கை வெளியிடுகிறது, போகும் முன் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வர்ம ஆசானிடம் எண்ணெய்க் கட்டு, உழிச்சல் (எண்ணெய் தேய்த்துத் தடவுவது) எடுத்துக்கொள்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோலில் எண்ணெய் இருந்தால் போர்டின் மேல்பரப்பு வழுக்கும், மெழுகும் பிடிக்காது, அலையில் இருந்து பக்கவாட்டில் நழுவி விழுவீர்கள். கடலுக்குப் போகும் நாளில் எண்ணெய் வேண்டாம். வெந்நீர்க் கடலுக்கான மெழுகை மூக்கிலும் கைபிடிக்கும் ஓரங்களிலும் தேயுங்கள்.

பழைய போர்டு வாங்கினால் அடிப்பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பாருங்கள். குறுக்கே மடிப்புக் கோடு தெரிந்தால் உள்நுரை முறிந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் எழாவிட்டால் நுரை செத்துவிட்டது. மேல்தோல் குமிழிட்டிருந்தால் பூட்டிய காரில் கிடந்து வெந்த போர்டு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பாதி விலைக்கும் வாங்காதீர்கள்.